கானில் இறங்கும் கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னை ஏரோபிளேன் ஓட்டுகிறவள் என்று சொல்கிறார்கள். நான் இன்றுவரை ஒரு ஏரோபிளேனின் சக்கரத்துக்குக் காற்றடித்தது கூட இல்லை. விமானப்படையில் இருக்கிறேன், அது உண்மை. விமானங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், அதுவும் உண்மை. பக்கத்தில் என்றால், ஓடுபாதையில் குனிந்து கல் பொறுக்குகிற அளவுக்குப் பக்கத்தில். படையில் ஆகக் கீழே இருக்கிற படி எதுவோ அதில்தான் நிற்கிறேன். எனக்குக் கீழே தார் மட்டும்தான்.

இதை ஊரில் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு லீவுக்கும் நினைத்துக்கொண்டுதான் போவேன். பக்கத்து லயத்து வீட்டு வரிசையிலிருந்து அக்கா யாராவது "ஏன் புள்ள, மேலருந்து பாத்தா நம்ம மல தெரியுமா?" என்று கேட்பார். "மேகமா இருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பொய் இல்லை பாருங்கள். மேலே போனால் மேகமாகத்தானே இருக்கும்.

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு என்னைத்தான் மேடையில் ஏற்றுவார்கள். உரிமை, சமத்துவம், நிமிர்ந்த நடை என்று மைக் அதிரப் பேசிவிட்டு, பரிசாகத் தருகிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வருவேன். வந்த பிறகும் மைக் அணையாது. அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை. பேசவே மாட்டார், அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் என் பேச்சைக் கேட்க வேறு வழியில்லாமல் இருந்தவள் அம்மா. அவள் கொழுந்து பறிக்கிறவள். மலையில் கங்காணி போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் என் சத்தத்தைக் கேட்பாள்.

என் பேச்சுக்கு அடிக்கடி சிக்குகிற விஷயம் எங்கள் தோட்டத்து ரோடு. ஒரு வண்டி போகிற அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் மண் மேடு. மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய வடிகால், எங்கள் பேச்சில் கான். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் வருகிற சத்தம் கேட்டால் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் ரோட்டை விட்டுக் கானில் இறங்கித் தலையைக் குனிந்து நிற்பார்கள். ஜீப் போன பிறகு ஏறி வருவார்கள். இப்போது அப்படி நில் என்று யாரும் சொல்வதில்லை. இப்போதைய துரை சின்ன வயதுக்காரர். காதில் ஃபோனை வைத்துக்கொண்டு ஓட்டிப்போவார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கக்கூட மாட்டார். ஆனாலும் இவர்கள் இறங்குவார்கள்.

"எதுக்கும்மா கானுக்குள்ள எறங்குற? ரோடு என்ன அவரு சொத்தா?" என்று நான் ஆரம்பிப்பேன்.

"தோட்டத்து ரோடு, தோட்டத்து தொர. பின்ன யாரு சொத்து?"

"மனுசங்க நடக்கத்தாம்மா ரோடு. நான்னா எறங்கவே மாட்டேன். நடு ரோட்டுல நிப்பேன்."

"நீ நில்லு. வண்டி போனதும் நாங்க ஏறித்தானே வர்றோம், காலு என்ன தேஞ்சா போச்சு. மொதல்ல அந்த அரிசிய களஞ்சு போடு."

நடு ரோட்டில் நிற்பேன் என்று சொன்ன வீராங்கனை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்த ரோட்டில் நடந்ததே இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மலைக்குள்ளால் ஒரு குறுக்குப் பாதை இருந்தது. நான் அதில்தான் போய் வந்தேன். என் கொள்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு ஜீப்பும் வரவில்லை. அதனால் கொள்கை நல்ல உடம்போடு வளர்ந்தது.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். கங்காணி ஒருநாள் லயத்துப் பக்கம் வந்து, "பாப்பா சும்மாதானே இருக்கு, பேரு பதிஞ்சிரவா?" என்று கேட்டார். என் பெயரையும் கொழுந்து ஆட்களோடு சேர்ப்பதைத்தான் கேட்டார். அம்மா அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள், அவர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் என் சான்றிதழ்களை எடுத்து என் கையில் வைத்தாள்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், ஃபோட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். சான்றிதழ்களைக் கொப்பி எடுக்கப் போனபோது, கடைக் கண்ணாடியில் விமானப்படைக்கு ஆள் எடுக்கிற சிங்கள விளம்பரம் ஒட்டியிருந்தது. நானா அதை எனக்காக இறங்கி வந்து வாசித்தார். சமையல், சாப்பாடு பரிமாறுவது, சாரதி, தீயணைப்பு, மருத்துவ உதவி, தையல், விமான இயந்திரம், ஆகக் கடைசியில் பொதுக் கடமை. நான் விரலை நேராக விமான இயந்திரத்தில் வைத்தேன்.

"கணக்குல என்ன மகள்?" என்றார் நானா.

"எஸ்."

சாதாரண சித்திக்கு எஸ் என்று போடுவார்கள். அதற்குக் கீழே போனால் ஃபெயில்தான். அவர் என் முகத்தையும் விளம்பரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லம். போடுங்க. அப்பிடியே கடைசில இருக்கிறதையும் ஒருக்கா பாத்து வெச்சிக்கொள்ளுங்க" என்றார். அந்த மனிதருக்கு வந்த தெளிவு எனக்கு வருவதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

நேர்முகத் தேர்வு, உடற்பரிசோதனை எல்லாம் நடந்தது. உயரம் மயிரிழையில் தப்பியது. ஓட விட்டார்கள். மலையில் ஏறி இறங்கிய நெஞ்சு, அதனால் மூச்சு வாங்கவில்லை. ஆனால் தட்டையான தரையில் ஓடி எனக்குப் பழக்கமில்லை. முன்னால் சரிவு இருக்கிறது என்று நினைத்துப் பின்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடினேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், இருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் விஷயம் பரவியதும் எல்லாமே என் கையை மீறிவிட்டது. நான் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். "நம்ம டிவிசன்ல பொறந்த புள்ள, ஏரோபிளேன் ஓட்டப் போகுது. இனிமே மேல சத்தம் கேட்டா ஆளுக்கு ஒருக்கா கைய ஆட்டிட்டு வேலயப் பாருங்க" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். சாயங்காலம் கோயிலில் பூசை. என் கழுத்தில் மாலை. தப்பு அடித்து லயம்வரை கூட்டி வந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். ஒருவர் ஊரை விட்டு எதற்கு வெளியே போனாலும் போய் ஜெயித்துவிட்டதாகவே வைத்துக் கொண்டாடிவிடுவார்கள். பிறகு தோற்று வருவதற்குப் போகிறவருக்கு இடமே இருக்காது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஐயா, பயிற்சியில் பாஸ் பண்ணினால்தான் வேலையே, அதற்குப் பிறகும் சமையலோ கூட்டுவதோ என்று சொல்லியிருக்க வேண்டும். மைக் அதிரப் பேசுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்க வரவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் பெண் மாதிரி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

பஸ் ஏற்றிவிட அம்மா வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அங்க என்ன சொன்னாலும் செய். கூட்டச் சொன்னா கூட்டு, கழுவச் சொன்னா கழுவு. வாய மட்டும் தொறக்காத. திரும்பி வந்துறாத பாப்பா. வந்தீன்னா அடுத்த நாளே எம் பக்கத்து கொழுந்து நெரையில நிப்ப. அத என்னால பாக்க முடியாது."

நானும் அழுதேன். நுவரெலியா தாண்டும்வரை அழுதுவிட்டு, பிறகு மடியில் இருந்த பூமாலையில் வாடிப்போன பூவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

பயிற்சி முகாம் இருந்த ஊர் சூடான ஊர், தட்டையான ஊர். எங்கே பார்த்தாலும் தரை ஒரே மட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு முதல் சில நாட்கள் அதுவே தலையைச் சுற்றியது. அணிவகுப்பில் நான் காலைத் தூக்கினால் முழங்கால் வயிற்றுக்கு வந்தது. படி ஏறுகிற கால், பாவம், படியைத் தேடியது. எங்களைப் பயிற்றுவித்த கோப்ரலுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. மெலிந்த பெண், குரல் மட்டும் பெரிய குரல். அவள் பேசியதெல்லாம் சிங்களம். இங்கே தமிழில் எழுதுகிறேன், அதனால் திட்டுகளின் காரம் கொஞ்சம் குறைந்திருக்கும். என் சிங்களம் சந்தையில் கிழங்கு விலை கேட்கிற சிங்களம். அவள் ஏசினால் எனக்குப் புரியும், பதிலுக்கு என்னால் விலைதான் கேட்க முடியும்.

காலையும் முழங்காலையும் எப்படியோ வழிக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகுதான் ஜீப் வந்தது.

சாப்பாட்டு மண்டபத்திலிருந்து மைதானத்துக்கு நாங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். முகாமுக்குள் ஓடுகிற ஒடுக்கமான ரோடு. எதிரே பெரிய அதிகாரியின் ஜீப் வந்தது. அப்படி வந்தால் நின்று, நிமிர்ந்து, சல்யூட் அடிக்க வேண்டும் என்று எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லித் தந்திருந்தார்கள். எல்லோரும் நின்றார்கள், நிமிர்ந்தார்கள், கையைத் தூக்கினார்கள். நான் மட்டும் ரோட்டோரக் கானுக்குள் நின்றேன். தலை குனிந்திருந்தது. கைகள் இரண்டும் முன்னால் கட்டியிருந்தன. பூட்ஸ் சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் எனக்கே தெரிந்தது.

கோப்ரல் கானின் விளிம்பில் வந்து நின்று கீழே பார்த்தாள்.

"யார் தள்ளியது?" என்று கேட்டாள்.

"ஒருவரும் இல்லை."

"அப்படியென்றால் ஏன் இறங்கினாய்?"

பேச்சுப் போட்டிக்காரி நான் பேய் முழி முழித்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. சிங்களத்தில் கானுக்குக் காணுவ என்று பெயர். அன்று மத்தியானத்துக்குள் நான் முகாம் முழுக்கக் 'காணு நங்கி' ஆகிவிட்டேன். நங்கி என்றால் தங்கை. கானின் தங்கை. என் மானம் கப்பல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது, நான் கரையில் நின்று கையை ஆட்டினேன்.

ஒரு தடவை என்றால் வழுக்கிவிட்டது என்று சொல்லலாம். அடுத்த முறை ஜீப் வந்தபோதும் இறங்கினேன். அதற்கடுத்த முறையும் இறங்கினேன். மனதுக்குள் நில், நில் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எஞ்சின் சத்தம் கிட்ட வந்ததும் இடது கால் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவிலிருந்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வருவது அந்த ரோட்டில்தான். ஜீப் வந்தால் என் கையைப் பிடித்துக் கானில் இறக்கிவிட்டுத் தானும் இறங்குவாள். நான் வாயால் எவ்வளவு பெரிய கொள்கை பேசினாலும், கால் அந்தக் காலத்திலேயே படித்து முடித்துவிட்டது.

கோப்ரல் ஒருநாள் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள். பயிற்சி முடிகிறபோது ஒரு பெரிய அதிகாரி முகாமைப் பார்வையிட வருவார். அவர் வருகிற ரோட்டோரம் முழுக்க எங்களை இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். ஜீப் கடக்கும்போது ஒவ்வொருவராகச் சல்யூட் அடிக்க வேண்டும். "அன்றைக்கும் இறங்கினாய் என்றால் உன்னை வைத்துக்கொள்ள என்னால் முடியாது. வீட்டுக்குத்தான் போவாய்" என்றாள்.

வீடு என்றதும் எனக்கு லயம் நினைவு வரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்து நிரைதான் கண்ணுக்குள் வந்தது. அந்த மாலையும் தப்புச் சத்தமும் சேர்ந்து வந்தன. ஏரோபிளேன் ஓட்டப் போனவள் கானில் இறங்கியதால் திரும்பி வந்தாள் என்று கங்காணி பெரட்டில் எப்படிச் சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

என் பக்கத்துக் கட்டில்காரி வயல் ஊரைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. நல்ல மனசு, ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முகாமின் பூந்தோட்டக்காரரின் தள்ளுவண்டியை எடுத்து வந்து, வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு என் எதிரே ஓட்டி வருவாள். நான் ரோட்டோரம் நின்று சல்யூட் அடித்துப் பழகுவேன். தள்ளுவண்டிக்கு நான் கம்பீரமாகச் சல்யூட் அடித்தேன். கால் அசையவே இல்லை. உண்மையான ஜீப் வந்தால் மறுபடியும் கான். துரை யார், தள்ளுவண்டி எது என்று என் காலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு கோப்ரல் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். வந்து வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஜீப் வரும்போது உன் மண்டைக்குள் என்ன ஓடுகிறது?"

"துரை வருகிறார்" என்றேன்.

"யார் அது?"

என் கிழங்குச் சிங்களத்தில் தோட்டத்தையும், ரோட்டையும், அம்மாவையும் சொன்னேன். பாதி வார்த்தைகளுக்குக் கையைக் காட்டினேன். கானுக்குள் எப்படி நிற்பார்கள் என்று நின்றும் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரிக்கவில்லை.

கோப்ரல் தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு எரிச்சலோடு சொன்னாள். "இங்கே நீ கையைத் தூக்கினால் அவரும் தூக்கியே ஆக வேண்டும். அது சட்டம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கீழே இருக்கிறவர் அடித்த சல்யூட்டைத் திருப்பிக் கொடுக்காமல் போக முடியாது. நீ கானுக்குள் குனிந்து நின்றால் அவர் யாருக்குக் கொடுப்பார்? கானுக்கா?" எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, வண்டியை எடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். கானில் இறங்கிய கதையைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா. சல்யூட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"இங்க நான் கைய தூக்குனா, எவ்வளவு பெரிய தொரையா இருந்தாலும் திருப்பி தூக்கணும்மா. சட்டமே இருக்கு."

அம்மா ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது.

"கட்டாயமா?" என்று கேட்டாள்.

"கட்டாயம்."

"தூக்கலன்னா?"

"தூக்கலன்னா தப்பு அவரு மேல."

"அப்பிடியா" என்றாள். பிறகு ஏரோபிளேனில் எப்போது ஏற்றுவார்கள் என்று கேட்டாள். நான் சாப்பாட்டு மணி அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பார்வையிடுகிற நாள் வந்தது. ரோட்டோரம் எனக்குக் கொடுத்த இடத்துக்குப் பின்னால் கான் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அந்த ரோடு முழுக்கக் கான்தான், கோப்ரலைக் குறை சொல்ல முடியாது. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. இடது கால் கிளம்பத் தயாரானது. விரல்களையெல்லாம் சப்பாத்துக்குள் மடக்கித் தரையைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்குள் கோயில் அம்மனைக் கூப்பிட்டேன், திரும்பி வந்துறாத என்று அம்மா சொன்னதையும் சொல்லிக்கொண்டேன். ஜீப் நேரே வந்தது. கையைத் தூக்கினேன். கால் ரோட்டிலேயே இருந்தது.

ஜீப்பில் நின்றுகொண்டு வந்த நரைத்த மனிதர் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார்.

நான் உடனே திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

ஒருவரும் இல்லை. கான்தான் இருந்தது. அவர் எனக்குத்தான் கையைத் தூக்கியிருந்தார். சல்யூட் அடிக்கும்போது தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்த முதல் ஆள் நான்தான் என்று கோப்ரல் சொன்னாள். அதற்குத் தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓட விட்டாள். ஓடினேன், ஓடிக்கொண்டே அழுதேன், நல்ல அழுகை. வீட்டுக்கு அனுப்பவில்லை. அது போதும்.

வேலை பிரிக்கிற நாளில் எனக்குப் பொதுக் கடமை வந்தது. தலவாக்கலை நானா ஒருவேளை பக்கத்தில் இருந்திருந்தால் தலையை மட்டும் ஆட்டியிருப்பார். எங்களை ஒரு விமானத் தளத்துக்கு அனுப்பினார்கள். முதல் நாள் காலையில் ஓடுபாதைக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். இடுப்பில் ஒரு பை. குனிந்த தலை நிமிராமல் ஒரே வேகத்தில் முன்னால் நடக்க வேண்டும். கண்ணில் படுகிற கல், ஆணி, துண்டுக் கம்பி எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட வேண்டும். சின்னக் கல் என்றாலும் எஞ்சினுக்குள் போனால் ஆபத்து என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கு விளக்கம் காதில் ஏறவில்லை. நிரை பிடித்து நிற்கிறேன், இடுப்பில் பை, குனிந்த தலை. பின்னால் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறார். அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நிற்கக் கூடாது என்று இவ்வளவு தூரம் ஓடி வந்தவள், இங்கே வந்து தேயிலை இல்லாத மலையில் நிரை பிடித்து நிற்கிறேன். சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். கிழங்குச் சிங்களத்தில் இதை எப்படிச் சொல்வது.

முதல் லீவு கிடைத்தது. சாதாரண உடுப்பில் போயிருக்கலாம். மாட்டேன் என்றேன் எனக்கே. சட்டையின் மடிப்பு விரலை அறுக்கிற மாதிரி இஸ்திரி போட்டு, சப்பாத்தில் முகம் தெரியப் பளபளப்பு ஏற்றி, தொப்பி வைத்து, பக்கத்துக் கட்டில்காரியின் கறுப்புக் கண்ணாடியையும் கடன் வாங்கி மாட்டிக்கொண்டேன். பஸ்ஸில் இறங்கியதும் ஆட்டோ பிடிக்கவில்லை. ஆட்டோவுக்குள் இருந்தால் யார் பார்ப்பார்கள்? கொழுந்து நிறுக்கிற நேரம் எதுவென்று எனக்குத் தெரியும். பெண்கள் எல்லோரும் மூட்டையோடு மலையிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து, குறுக்குப் பாதையை விட்டு, அந்த ரோட்டில் நடு ரோட்டால் நடந்து போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பனி மூட்டமாக இருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் எனக்கே பாதை சரியாகத் தெரியவில்லை, கழற்ற மனம் வரவில்லை.

வளைவில் அவர்கள் வந்தார்கள். தலையில் கொழுந்து மூட்டை, இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கு, குனிந்த நடை. நான் முகத்தைத் தயார்செய்துகொண்டேன். முன்னால் வந்தவள் தொப்பியைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். சடக்கென்று கானில் இறங்கினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அவளுக்கு அடுத்தவள். பெரட்டுக்களத்தில் எனக்குக் கைதட்டிய பெண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டு, மழையில் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் நின்றவள் அம்மா. கணுக்கால்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"போங்கய்யா. நீங்க போங்க."

பேசி வந்த வாய், மைக் அதிர்ந்த வாய், அம்மா என்று கூப்பிடக்கூட வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தேன். நின்றேன், நிமிர்ந்தேன், கையைத் தூக்கிச் சல்யூட் அடித்தேன்.

சப்பாத்து தட்டிய சத்தத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை, கழற்றக் கை இல்லை. கன்னத்தில் வழிந்ததை மழை என்று நினைத்தாளோ என்னவோ. வாயைத்தான் முதலில் அடையாளம் கண்டிருப்பாள், அதன் சத்தத்தை அத்தனை வருஷம் கேட்டவள். பிறகு மூட்டையைப் பிடித்திருந்த வலது கையை எடுத்து, நெற்றியருகே கொண்டுபோனாள்.

மூட்டை சாய்ந்தது. அவள் கையை இறக்கவில்லை. மூட்டை தோளில் விழுந்து, உருண்டு, கட்டு அவிழ்ந்து, அன்று முழுக்கப் பறித்த கொழுந்து கானுக்குள் கொட்டியது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது.

"ஐயோ போச்சு" என்று பக்கத்தில் நின்ற அக்கா சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார். "அடி, நம்ம பாப்பா."

நான் கானுக்குள் இருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது. பளபளப்பு ஏற்றிய சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. குனிந்து இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளிச் சாக்கில் போட்டேன். தொப்பி விழுந்தது. பெண்கள் இப்போது சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஏரோபிளேன் ஓட்டுற புள்ள கொழுந்து அள்ளுது என்று யாரோ சொன்னார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவளும் குனிந்து அள்ளினாள்.

"ஏம்மா கைய விட்ட? பறிச்சதெல்லாம் தண்ணியோட போகுது பாரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை.

அம்மா அள்ளிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீதானே ஃபோன்ல சொன்ன. நீ தூக்குன, நான் தூக்கலன்னா தப்பு எம் மேலதானே."